சமூகப் பாட ஆசிரியராவதற்கு எந்தப் பட்டம்?

ஆண்டுதோறும் மே மாதத்தில் 12-ஆம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், நம் சங்க அலுவலகத் திண்ணைகளில் நூல் விலையையும் உர வரவையும் பற்றிய பேச்சுக்கு நடுவே வேறொரு பேச்சும் எழுவது வழக்கம். பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது என்பதே அப்பேச்சு. பொறியியலும் மருத்துவமும் பற்றிக் கூறுவார் பலர். ஆனால், நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் பிறந்த பிள்ளைகளுள் கணிசமானோர் மனத்தில் வைத்திருக்கும் ஆசை ஆசிரியத் தொழிலேயாகும். அவர்களுள்ளும் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றில் விருப்பமுள்ளோர் சமூகப் பாட ஆசிரியராக வேண்டுமென எண்ணுகின்றனர். இது நல்ல எண்ணம். அவ்வெண்ணம் நிறைவேறுவதற்கு எந்தப் பட்டத்தை எந்த வரிசையில் பெற வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியில் அமருமுன் பாவு ஓட வேண்டும் என்பதை நெசவாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை இழை, என்ன அகலம், எவ்வளவு நீளம் என்ற கணக்கைப் பாவு ஓடும்போதே முடிவு செய்துவிடுகிறோம். ஊடையின் நிறத்தை நடுவில் மாற்றலாம். பாவின் இழைகளை மாற்ற இயலாது. ஆசிரியப் பதவிக்கான படிப்பும் அத்தகையதே. 17 வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதும் முதன்மைப் பாடத்தின் பெயர், ஐந்தாண்டுகள் கழித்து எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இதனை அறியாமல் ஏதோ ஒரு பட்டம் கிடைத்தால் போதும் என்று சேர்ந்துவிட்டு, பின்னர் உழைப்பும் பொருளும் செலவான நிலையில் வாயில் அடைபட்டிருக்கக் காண்போர் பலர். ஆகையால் பதவியை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பட்டத்தைத் தேர்வதே அறிவுடைமை.

நான்கு துறைகள் கூடிய ஒரு பாடம்

வரலாறும் புவியியலும் முன்னாளில் நம் பள்ளிகளில் தனித்தனிப் பாடங்களாகவே இருந்தன. 1952-ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமை வகித்தார். 1953-இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, மாணவன் தான் வாழும் சமூகத்தை முழுமையாக அறியும்பொருட்டு இத்துறைகளை ஒன்றிணைத்துச் சமூகப் பாடமாகக் கற்பிக்கலாம் என்ற கருத்துக்கு ஆதரவளித்தது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமூக அறிவியல் என்று வழங்கும் பாடத்தில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கு பிரிவுகளும் அமைந்துள்ளன. 10-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் இது 100 மதிப்பெண்ணுக்குரிய ஒரு தாளாகும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் பாடம் ஒன்று. கல்லூரியிலோ அது நான்கு துறைகளாகப் பிரிந்து நிற்கிறது. சமூக அறிவியல் என்ற பெயரில் இளங்கலைப் பட்டம் நம் கல்லூரிகளில் பொதுவாக இல்லை. எனவே மாணவர் நான்கனுள் ஒன்றைத் தேர்ந்து பட்டம் பெற வேண்டும். ஆசிரியரான பின் நான்கையும் கற்பிக்க வேண்டும். எந்த ஒன்றைத் தேர்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர்.

பதவிகள் மூவகை

அரசுப் பள்ளிகளில் ஆசிரியப் பதவிகள் மூன்று படிகளில் அமைந்துள்ளன. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர். இதற்கு 12-ஆம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி வேண்டும். 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர். இதற்கு இளங்கலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். 11, 12 ஆகிய வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். இதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும்.

6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளில் சமூக அறிவியல் ஒன்றிணைந்த பாடமாக உள்ளது. அதைக் கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர். 11-ஆம் வகுப்பிலிருந்து வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் எனப் பாடங்கள் மீண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ஆகவே நம் பிள்ளை சமூகப் பாட ஆசிரியராக விரும்புகிறாரா, அல்லது மேல்நிலை வகுப்பில் ஒரு துறையை மட்டும் ஆழ்ந்து கற்பிக்க விரும்புகிறாரா என்பதே முதல் வினா.

வரலாறா, புவியியலா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியலுக்குரிய பட்டதாரி ஆசிரியர் இடங்கள் வரலாறு, புவியியல் என்னும் இரு முதன்மைப் பாடங்களின் பெயராலேயே அறிவிக்கப்பட்டு வருகின்றன. பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றோர்க்கு இப்பதவிக்குரிய வாயில் இல்லை. இத்துறைகளில் பயின்றோர் முதுகலைப் பட்டமும் பெற்ற பின்னரே தமிழ்நாட்டில் பி.எட். வகுப்பில் சேர இயலும். அதன்பின் அவர்கள் நாடத்தக்கது மேல்நிலை வகுப்புக்குரிய முதுகலை ஆசிரியர் பதவியாகும்.

பாடநூலில் பொருளியலும் ஒரு பிரிவாக இருக்கும்போது பொருளியல் பட்டதாரிக்கு இடமில்லாமற் போவது எங்ஙனம் நியாயமாகும் என்று சிலர் வினவலாம். வினவுவதில் தவறில்லை. ஆயினும் விதி அவ்வாறிருக்க, அதனை அறிந்து நடப்பதே நமக்கு நன்மை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பொருளியலில் எளிதாக இடம் கிடைக்கிறது, அதுவும் சமூகப் பாடந்தானே என்று எண்ணிச் சேரும் மாணவருக்கு மூன்றாண்டுகள் கழித்தே உண்மை தெரிய வருகிறது. பொருளியலில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளை அதனையே பயிலட்டும். ஆனால், இளங்கலைக்கு மூன்றாண்டு, முதுகலைக்கு இரண்டாண்டு, பி.எட். பயிற்சிக்கு இரண்டாண்டு என ஏழாண்டுக் கணக்கைக் குடும்பம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய இரண்டில் எதைத் தேர்வது? வரலாற்றுத் துறை ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் அரசு கலைக் கல்லூரிகளில் உள்ளது. வீட்டிலிருந்தே சென்று வரலாம். தமிழ் வழியிலும் பயிலலாம். புவியியல் துறையுள்ள கல்லூரிகள் குறைவு. சென்னை மாநிலக் கல்லூரி, 1914-இல் தோன்றிய இராணி மேரி கல்லூரி, கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரி ஆகியன அத்துறை உள்ளவற்றுள் சில. வெளியூரில் விடுதியில் தங்கவேண்டி வரலாம். வரலாற்றுப் பட்டதாரிகள் மிகுதியாதலின் போட்டியும் மிகுதி. புவியியல் பட்டதாரிகள் குறைவு, இடங்களும் குறைவாகவே அறிவிக்கப்படுகின்றன. புவியியல் பயின்றோர்க்கு நில அளவை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் அமைத்தல் போன்ற வேறு தொழில்களிலும் இடமுண்டு. வாசிப்பிலும் எழுத்திலும் ஈடுபாடுள்ள பிள்ளைக்கு வரலாறும், வரைபடத்திலும் கணக்கிலும் ஈடுபாடுள்ள பிள்ளைக்குப் புவியியலும் பொருந்தும். பிள்ளையின் இயல்பை நோக்காது பெற்றோரே முடிவு செய்வது விரும்பத்தக்கதன்று.

பட்டத்தின் பெயரும் வரிசையும்

முதன்மைப் பாடத்தைத் தேர்ந்த பின்னும் சில எச்சரிக்கைகள் உள. முதலாவது, பட்டத்தின் பெயர். சில கல்லூரிகளில் வரலாற்றுடன் சுற்றுலாவையோ பிற தொழிற்பாடத்தையோ இணைத்துப் புதிய பெயர்களில் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. அத்தகைய பட்டம் வரலாற்றுப் பட்டத்திற்கு இணையானது என அரசாணை இருந்தால்தான் அது நியமனத்திற்குப் பயன்படும். எனவே சேருமுன் கல்லூரி அலுவலகத்தில், இப்பட்டத்திற்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று கேட்டு, ஆணையின் எண்ணைக் குறித்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, படிப்பின் வரிசை. 10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்பு, பட்டம் என்ற முறையான வரிசை காக்கப்பட வேண்டும். 12-ஆம் வகுப்புத் தேறாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசுப் பணிகளுக்கு ஏற்பதில்லை. குடும்பத் தொழிலின் பொருட்டுப் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் முதலில் 12-ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி முடித்துப் பின்னர்ப் பட்டத்திற்குச் செல்லுதல் வேண்டும். காலம் சற்றுக் கூடுதலாயினும் பட்டம் பயனுடையதாகும்.

மூன்றாவது, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருத்தல். இளங்கலையில் ஒன்றும் முதுகலையில் மற்றொன்றும் பயின்றோர் முதுகலை ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது தடை நேர்கிறது. இளங்கலையில் வரலாறு பயின்றவர் முதுகலையிலும் வரலாற்றையே தொடர்வது பாதுகாப்பானது. இங்ஙனம் தொடர்பவருக்குப் பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்ற இரு வாயில்களும் திறந்திருக்கும்.

பி.எட். பயிற்சி

இளங்கலைக்குப் பின் வருவது பி.எட். பயிற்சி. முன்னர் ஓராண்டாக இருந்த இப்பயிற்சி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டாக மாறியது. பொதுப் பிரிவினர் பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு இதில் தளர்வு உண்டு. ஆகையால் பட்டத் தேர்வில் தேறினாற் போதும் என்ற எண்ணம் ஆகாது. தொடக்கம் முதல் மதிப்பெண்ணைக் காத்துவர வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்கெனத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் நிறுவப்பட்டது. அரசு கல்வியியல் கல்லூரிகளுள் சைதாப்பேட்டைக் கல்லூரி 1856-ஆம் ஆண்டு தொடங்கிய பழைமை வாய்ந்தது. நெசவுக்குப் பெயர்பெற்ற குமாரபாளையத்திலும் அரசு கல்வியியல் கல்லூரி உள்ளதை நம் உறுப்பினர் பலர் அறிவர். அரசு கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் செலவு குறைவு. தனியார் கல்லூரியில் சேர்வதாயின் அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வகுப்புக்கு வராமலே சான்றிதழ் பெற்றுத் தருவதாகக் கூறுவோர் சிலர் உளர். அவர்களை நம்பலாகாது. பயிற்சியின் உயிர்நிலை பள்ளியில் நேரே சென்று கற்பிப்பதில் உள்ளது. 2014 விதிகளின்படி ஈராண்டில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். தறியில் உட்காராமல் நெசவு பழக முடியாததுபோல, வகுப்பறையில் நிற்காமல் கற்பித்தல் பழக முடியாது. அஞ்சல் வழி பி.எட். பயிற்சியும் ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கே உரியது. புதிதாகப் பட்டம் பெற்று வருவோர்க்கு உரியதன்று.

பட்டத்தையும் பயிற்சியையும் சேர்த்து நான்காண்டில் முடிக்கும் பி.ஏ.பி.எட். என்னும் ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. இதனால் ஓராண்டு மிச்சமாகும். எனினும் நடுவில் மனம் மாறினால் விலகுவது கடினம். ஆசிரியத் தொழிலில் உறுதி கொண்ட பிள்ளைக்கே இவ்வழி தக்கது. இங்கும் முதன்மைப் பாடம் வரலாறா புவியியலா என்பதைப் பார்த்தே சேர வேண்டும்.

இரு தேர்வுகள்

பட்டமும் பயிற்சியும் முடிந்த மாத்திரத்தில் வேலை கிடைத்துவிடுவதில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே 2010 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கையால், 8-ஆம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. பட்டதாரி ஆசிரியர்க்குரியது இதன் இரண்டாம் தாள். மொத்தம் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் முதலிய மொழி 30, ஆங்கிலம் 30, எஞ்சிய 60 சமூக அறிவியல். பொதுப் பிரிவினர் 60 விழுக்காடு, அஃதாவது 90 மதிப்பெண் பெற வேண்டும். பிற பிரிவினர்க்குச் சலுகை உண்டு.

இத்தேர்வை எளிதென்று எண்ணுதல் கூடாது. 2012-ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முதல் நடந்த தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பின்னர் நிலை மாறியது என்றாலும், பட்டப் படிப்பின்போது ஒரு துறையை மட்டுமே பயின்றவர் ஏனைய மூன்றையும் சொந்த முயற்சியால் கற்காமல் இதில் வெல்வது அரிது. தேறியவருடைய சான்றிதழ் முன்னர் ஏழாண்டுக்கே செல்லுபடியானது. 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாயிற்று. 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஏற்கெனவே பணியிலிருப்போருள் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோரும் இத்தேர்வில் தேற வேண்டும் என்று கூறப்பட்டது. இத்தேர்வின் இன்றியமையாமையை இதனால் உணரலாம்.

தகுதித் தேர்வில் தேறுவது நியமனம் ஆகாது. 2018 ஜூலையில் வெளியான அரசாணையின்படி, தேறியோர் பட்டதாரி ஆசிரியர் பதவிக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். 1987-இல் அமைந்த ஆசிரியர் தேர்வு வாரியம் இதனை நடத்துகிறது. 2023 அக்டோபரில் எல்லாப் பாடங்களுக்குமாகச் சேர்த்து முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 2,222. அதற்கான தேர்வு 2024 பிப்ரவரி 4-ஆம் நாள் நடைபெற்றது. கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் அதனோடு உண்டு. முதுகலை ஆசிரியர் பதவிக்குத் தகுதித் தேர்வு இல்லை; நேரடியாகப் போட்டித் தேர்வே. அதில் முதன்மைப் பாடத்திற்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என 150 மதிப்பெண்கள்.

அறிவிப்பு ஆண்டுதோறும் வருமென எதிர்பார்த்தல் இயலாது. சில ஆண்டுகள் இடைவெளி விழுவதுண்டு. இவ்வுண்மையை மறைத்துப் பிள்ளைகளை ஊக்குவிப்பது நேர்மையன்று.

தமிழ் வழியில் பயின்றோர்

தமிழ் வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. 2020-இல் அது திருத்தப்பட்டு, பட்டத்தை மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. சிற்றூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இஃது உரிய நன்மை. கல்லூரியில் சேரும்போது வழக்கத்தைப் பின்பற்றி ஆங்கில வழியில் பெயர் பதிந்து இதனை இழந்துவிடலாகாது. இளங்கலையையும் பி.எட். பயிற்சியையும் தமிழ் வழியிலேயே பயிலுதல் வேண்டும். பயின்ற பள்ளிகள் ஒவ்வொன்றிலும் தமிழ் வழிச் சான்றிதழை உடனுக்குடன் பெற்று வைத்துக்கொள்வது நலம். பல ஆண்டுகள் சென்றபின் பழைய பதிவேடுகளைத் தேடுவது பெருந்தொல்லை.

ஆங்கில அறிவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தகுதித் தேர்வில் ஆங்கிலத்திற்கும் 30 வினாக்கள் உள்ளன. மேலும், மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் சமூகப் பாட ஆசிரியராக விரும்புவோர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கற்பிக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும். அப்பள்ளிகளின் விதி வேறு. வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் என்னும் நான்கனுள் இரண்டைப் பட்ட வகுப்பில் பயின்றிருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருத்தல் வேண்டும். ஆகவே கல்லூரியில் துணைப்பாடத்தைத் தேரும்போது, வரலாற்று மாணவர் பொருளியலையோ அரசியல் அறிவியலையோ எடுத்துக்கொள்வது இரு வகையிலும் பயன் தரும். பிற்காலத்தில் கற்பிக்க வேண்டிய பாடமும் அதுவே அன்றோ!

குடும்பக் கணக்கு

இளங்கலை மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு, தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் காலம் குறைந்தது ஓராண்டு. ஆக ஆறாண்டுகளுக்குக் குடும்பம் பொறுத்திருக்க வேண்டும். ஆறாண்டு என்பது தறியில் ஒரு கை குறைவதாகும்; வயலில் ஓர் ஆள் குறைவதாகும். இதனை எண்ணாமல் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வது இரு தரப்பார்க்கும் நட்டம்.

செலவைக் குறைக்க வழிகள் உள்ளன. அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதந்தோறும் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாளும், மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. சேரும் ஆண்டில் நடைமுறையிலுள்ள உதவிகள் எவை என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, உரிய காலத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது நன்று.

ஒரே விதையை நம்பி எல்லா நிலத்தையும் விதைக்காத உழவர், இங்கும் மாற்றுவழியை எண்ண வேண்டும். வரலாற்றையும் புவியியலையும் பயின்றவர்க்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் பெரும்பகுதி பழகிய பாடமாகவே இருக்கும். பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சிப் பட்டயமும் பெற்றால் கூட்டுறவு வங்கிகளிலும் சங்கங்களிலும் உதவியாளர் பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலம் இவ்வாறு வீணாகாது.

சங்கமே ஒரு பயிற்சிக்கூடம்

ஒரு துறையில் பட்டம் பெற்று நான்கு துறைகளைக் கற்பிக்க வேண்டியவர், ஏனைய மூன்றை எங்கே கற்பது? 6 முதல் 10 வரையுள்ள பள்ளிப் பாடநூல்களை ஆண்டுக்கு இரண்டாக முறைப்படி படித்து முடிப்பது முதற்படி. கல்லூரியின் மூன்றாண்டு இதற்குத் தாராளமாகப் போதும். அடுத்த படி, ஏட்டில் உள்ளதை ஊரில் காண்பது. இதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறருக்கில்லாத வசதி இருக்கிறது.

பொருளியல் வேண்டுமா? நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைக் கையில் எடுத்து, பங்குமூலதனம், வைப்பு, கடன், இலாபப் பங்கு ஆகியன இன்னவை எனச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடிமையியல் வேண்டுமா? தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டன. அவற்றுள் ஒன்றிற்குச் சென்று தீர்மானம் எங்ஙனம் முன்மொழியப்படுகிறது என்பதைக் கண்டவர், உள்ளாட்சி என்ற பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புவியியல் வேண்டுமா? தம் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாயைத் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்து ஒரு படம் வரைந்தால், வடிநிலம், மண், பாசனம் ஆகிய மூன்றும் விளங்கும். வரலாறு வேண்டுமா? 1904-ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றியது. 1935-இல் நம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கோ-ஆப்டெக்ஸ் எழுந்தது. 1985-இல் கைத்தறிக்கெனச் சில இரகங்களை ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இவை ஒவ்வொன்றின் பின்னும் நம் பாட்டன் பாட்டியரின் பிழைப்பு இருந்தது. முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கும் மாணவர், வரலாற்றுச் சான்று என்பது யாதென அறிந்தவராவார்.

இத்தகைய ஆசிரியர் நம் பள்ளிகளுக்குத் தேவை. நூல் விலை ஏறினால் கூலி ஏன் ஏறுவதில்லை, மழை பெய்தும் ஏரி ஏன் நிரம்புவதில்லை, வாக்குச் சீட்டுக்கும் வீட்டு அடுப்புக்கும் என்ன தொடர்பு என்ற வினாக்கள் மாணவர் மனத்தில் எழும்போது, அவற்றைத் தட்டிக் கழிக்காமல் பாடத்தோடு இணைத்து விடை சொல்லக் கூடியவர் அவரே. நகரத்தில் வளர்ந்தவர் இதனைச் செய்ய இயலாது என்பது நம் கருத்தன்று. ஆயினும் தறிச் சத்தத்தின் நடுவே படித்தவருக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.

சங்கங்களின் கடமை

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நூலகமும் நடத்தியது அவர்களது சங்கம். கூட்டுறவின் தொடக்கத்திலேயே கல்வியும் உடன் இருந்தது என்பதற்கு இது சான்று.

நம் சங்கங்கள் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. 6 முதல் 10 வரையுள்ள சமூக அறிவியல் பாடநூல்களின் ஒரு தொகுதியைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்ததும் அதனைப் பலகையில் எழுதி ஒட்டலாம். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஒரு மாலைப் பொழுது அழைத்து, உறுப்பினர் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்க்கச் செய்யலாம். முதன்மைப் பாடம் சரியா, பட்டத்தின் பெயர் சரியா, தமிழ் வழி குறிக்கப்பட்டுள்ளதா என்ற மூன்றை மட்டும் அவர் பார்த்துத் திருத்தினாலும், ஒரு பிள்ளையின் ஆறாண்டு உழைப்பு காக்கப்படும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன் ஒரு தாளை எடுத்து, அதன் அடியில் நீங்கள் விரும்பும் பதவியை எழுதுங்கள். அதற்கு மேலே போட்டித் தேர்வு, அதற்கு மேலே தகுதித் தேர்வு, பின்னர் பி.எட்., உச்சியில் பட்டமும் முதன்மைப் பாடமும் எனக் கீழிருந்து மேலாக எழுதி வாருங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஆண்டையும் செலவையும் குறியுங்கள். அத்தாளைப் பெற்றோரிடம் காட்டிப் பேசி முடிவு செய்தபின் கல்லூரிக்குச் செல்லுங்கள். கணக்குச் சரியாக இருந்தால், இடையில் அறுபடும் இழையை முடிந்துகொண்டு மேலே நெய்யலாம்.